நீலக்குருவிக் காகிதம்

"இந்தத் தெருவுலயே உக்காரலாம்னு தோணின வீடு உங்களோடதுதான், மிஸஸ் கிளெக்," என்றார் ஹாப்வுட். "இடிக்கிற பட்டியல்ல இதைச் சேர்க்க வேண்டியதில்லை. குடியிருக்கலாம்னு எழுதிட்டேன்."

எட்னா கிளெக் கேட்க நினைத்திருந்தது இதற்கு நேர்மாறான பதிலை.

ஹாப்வுட் நகர மன்றத்தின் சுகாதார ஆய்வாளர். இடிக்க வேண்டிய வீடு என்று அவர் எழுதினால்தான், போருக்குப் பிறகு குன்றின்மேல் மன்றம் கட்டியிருக்கும் புது வீடு கிடைக்கும். அங்கே சுவரில் ஈரம் இருக்காது. மகள் பிரெண்டாவின் நெஞ்சுச் சளிக்கு வேறு மருந்தே இல்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

ஆனால் ஆபீஸ் மனுஷர் வருகிறார் என்றால் வீட்டைப் போட்டது போட்டபடி விட்டுவைக்க முடியுமா என்ன? தெருவில் தலைகாட்ட வேண்டாமா?

வாசற்படியைக் கல்லால் தேய்த்து வெளுத்தாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க, பிரெண்டா படுக்கும் முன்னறைச் சுவரில் ரோஜாப்பூக் காகிதம் ஒட்டினாள். பிரெண்டா இருமிக்கொண்டே பசை வாளியைப் பிடித்தபடி நின்றாள்.

இருமல் சத்தம் ஆய்வாளர் காதில் விழக்கூடாதென்று இன்றைக்கு அவளைப் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பிவிட்டாள். புத்தி எங்கே போயிருந்ததோ.

எதிர்வீட்டுக்காரி ஏடா துடைப்பத்தைத் தொட்டு மாசக்கணக்காகிறது. அவளுக்குப் புது வீடு நிச்சயம்.

எட்னா முன்னறைச் சுவர்ப்பக்கம் போனாள். கட்டிலை இழுத்து நகர்த்தினாள். ரோஜாக் காகிதத்தின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து, ஒரே இழுப்பாகக் கிழித்தாள்.

காகிதத்தோடு சுண்ணாம்பும் பெயர்ந்து விழுந்தது. பின்னால் கன்னங்கரேலென்று பூஞ்சணம். அதற்கடியில் பச்சைக் கோடு போட்ட பழைய காகிதம். அதையும் உரித்தாள். கடைசியில் நீலக்குருவிகள் பறக்கும் காகிதம் ஒன்று சொதசொதவென்று கையோடு வந்தது.

ஹாப்வுட் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார்.

"இந்தக் குருவிங்கள நான் பார்த்திருக்கேம்மா," என்றார். "போருக்கு முந்தி. அந்தம்மா வீட்டைக் கண்ணாடி மாதிரி வச்சிருந்தாங்க. டீ போட்டுக் கொடுத்தாங்க. குடிச்சிட்டு, நல்ல வீடுன்னு எழுதிட்டுப் போனேன்."



"அது எங்கம்மா," என்றாள் எட்னா. "இந்தச் சுவரோரமாத்தான் என் தம்பி ஸ்டான்லி படுப்பான். குருவி ஒட்டின அந்தக் குளிர்காலத்துலதான் சளி முத்திப் போயிட்டான்."

ஹாப்வுட்டுக்குப் பேனா மூடி சட்டென்று திறக்க வரவில்லை. திறந்ததும், புத்தகத்தில் எழுதியிருந்ததைத் தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி அடித்தார். இடிக்க வேண்டியது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

எட்னா அதைப் பார்க்கவில்லை. கையிலிருந்த குருவிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிறிஸ்துமஸுக்காகத்தான் அம்மா அந்தக் காகிதத்தை ஒட்டினாள் என்று இத்தனை வருஷமாக நம்பியிருந்தாள்; இவர் வருகிறார் என்பதற்காக என்று நினைத்ததே இல்லை.

அன்றைக்குப் பசை வாளியைப் பிடித்தபடி நின்றவள் எட்னா.