லாபம், ரெண்டு

கீழமாசி வீதியில் என் வத்தல் கடைக்கு அடுத்தது ஞானாதிக்கம் அண்ணனின் தானியக் கடை. எங்கள் பஜாரில் படி அளக்கையில் முதல் படியை ‘ஒன்று’ என்பதில்லை, ‘லாபம்’ என்போம். அவர் கடையில் ‘லாபம்’ சொல்வது சலோமி மதினி. ‘ரெண்டு’ முதல் அண்ணன் தொடர்வார்.

மதினி செத்த பிறகு, பைபிளில் செத்த லாசரு உயிர்த்தெழுந்த அதிகாரத்தின் வார்த்தைகளை அவர் எண்ண ஆரம்பித்தார். ஏழால் மீதமில்லாமல் வகுபட்டால் அவளும் வந்துவிடுவாளாம்.

“ஆண்டவர்கிட்டயே பேரமாண்ணே?”

“சும்மா இருப்பா. எம்புட்டு எண்ணுனாலும் ஒன்னே ஒன்னு கூடுது.”

கவனித்தேன். முதல் வார்த்தையிலேயே விரலை வைத்து “ரெண்டு” என்கிறார்.

“அண்ணே, லாபத்த விட்டுட்டீகளே?”

“அத அவதான சொல்லணும்.”

நேற்று மத்தியானம் அவர் விரல் வைத்ததும், “லாபம்” என்றது ஒரு பெண் குரல். கடையில் வேறு யாருமில்லை. அவர் நிமிரக்கூட இல்லை. விரலை அடுத்த வார்த்தைக்கு நகர்த்தி, “ரெண்டு” என்றார். கடைசியில் ஏழுக்குக் கச்சிதமாக வந்தது.

“ஜெயிச்சுட்டீகண்ணே!” என்றேன். அவர் காதில் விழவில்லை. அடுத்த அதிகாரத்தின் முதல் வார்த்தையில் விரலை வைத்து, “சொல்லு சலோமி” என்றார்.

கடை சாத்தும்வரை விரல் அங்கேயே இருந்தது.