மருமகன் இருக்கும் அறை

தொங்கவிட்ட போர்வைக்கு அடியில், சிமென்ட் தரையில், ஒரு சொட்டு ரத்தம் விழுந்தது.

என்னுடையதோ என்று முதலில் என் கையைப் பார்த்தேன். இரண்டு ஊசியும் குத்தின இடத்திலேயே இருந்தன. டயாலிசிஸ் மெஷின் அதுபாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

இன்னொரு சொட்டு விழுந்தது.

போர்வைக்கு அந்தப் பக்கம் இருந்தது என் மருமகன்.

பாலைவனத்துப் பூர்வகுடிகளான எங்கள் ஆட்களில் மாமியாரும் மருமகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. பேச்சும் கிடையாது. ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டால் ஒருவர் குரல் மற்றவர் காதில் விழுவதுகூட வெட்கக்கேடு. பகை ஒன்றும் இல்லை, அத்தனை மரியாதை. பதினொரு வருடமாக அவர் வேட்டையாடிய கங்காருவின் வால் என் வீட்டுக்கு வருகிறது, பேத்தி கையில். உடம்புக்கு முடியாமல் போன பிறகும் தம்பியை அனுப்பி அடித்துவரச் சொல்லிக் கொடுத்தனுப்புகிறார். அவர் கண் எப்படி இருக்கும் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

எங்கள் இரண்டு பேருக்கும் சிறுநீரகம் போய்விட்டது. ஊரில் இருப்பதே இரண்டு டயாலிசிஸ் நாற்காலி. அதுவும் வருவதற்கு முன்னால், ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் போய்க் கிடந்து, ஊர் மண்ணைப் பார்க்காமலே செத்தவர்கள் எத்தனையோ பேர்.

வழக்கமான நர்ஸ் கெரிக்கு எங்கள் சங்கதி தெரியும். மருமகனுக்கு ஒரு நாள் என்றால் எனக்கு மறுநாள் என்று வைத்திருந்தாள். அவள் லீவில் போன நேரம் பார்த்து மழை கொட்டி, கரண்ட் போய், மூன்று நாள் மெஷின் ஓடவில்லை. இரண்டு பேரும் ஊதிப்போய் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தோம். புதிதாக வந்த பிரிட்ஜெட் என்கிற சின்னப் பெண், நாளைவரைக்கும் யாரும் தாங்க மாட்டீர்கள், சேர்ந்தே உட்காருங்கள் என்றுவிட்டாள்.

அவர் வெளியே மரத்தடியில் முதுகைக் காட்டி நின்றார். என் மகள்தான் ஒரு போர்வையைக் கொண்டுவந்து குறுக்கே கட்டினாள். அது தரைவரைக்கும் எட்டவில்லை. முகம் மறைந்தால் போதும் என்று இருந்துவிட்டோம். நர்ஸுக்கும் அவர் கை தெரியாமல் போகும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

சொட்டுச் சொட்டாக விழுந்தது இப்போது கோடாக இறங்கியது.

தூங்கிவிட்டார் போலிருக்கிறது. இரண்டாவது மணி நேரத்தில் எல்லோரும் தூங்கிவிடுவோம். ஊசி நழுவியிருக்கிறது, அதுகூடத் தெரியாமல் தூங்குகிறார்.

ரத்தம் உடம்புக்குப் போகிறதா தரைக்குப் போகிறதா என்று மெஷின் எல்லா நேரமும் கண்டுபிடிக்காது. சில நிமிஷம்தான், அதற்குள் ஆள் போய்விடுவார் என்று கெரி எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

பிரிட்ஜெட் பின்னறையில் தண்ணீர் மோட்டாரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள். ஒரே இரைச்சல்.

வாயாடி என்று ஊரெல்லாம் பெயர் வாங்கினவள் நான். அந்த வாய் அப்படியே ஒட்டிக்கொண்டது. மருமகன் இருக்கும் அறையில் சத்தம் போட்ட மாமியார் என்று யாரையும் நான் கேள்விப்பட்டதில்லை. எழுந்து ஓடலாம் என்றால் என் ரத்தமும் குழாயில் ஓடிக்கொண்டிருக்கிறது.

"பொண்ணே," என்றேன். காற்றுத்தான் வந்தது.

ரத்தம் என் நாற்காலிப் பக்கமாக ஊர்ந்து வந்தது. அதைப் பார்த்ததும் என் பேத்திகள் மூன்று பேரும் அப்பா எங்கே என்று என்னைக் கேட்பது போல இருந்தது.

கண்ணை இறுக மூடிக்கொண்டு கத்தினேன். "ஏ பொண்ணே!"

ஓடி வந்தாள். நேராக என்னிடம்தான் வந்தாள்.

"என்னம்மா? மயக்கமா வருதா?"

நான் உதட்டைக் குவித்துப் போர்வைப் பக்கம் நீட்டினேன். நாங்கள் எதையும் விரலால் காட்டுவதில்லை, உதட்டால்தான். கெரியாக இருந்தால் அந்த நொடியே திரும்பியிருப்பாள்.

இவள் என் வாயைப் பார்த்துவிட்டு, "தண்ணி வேணுமா?" என்றாள்.

மறுபடியும் நீட்டினேன். அவள் என் மெஷினைத் தட்டிப் பார்த்தாள். தோளைத் தடவிக்கொடுத்தாள். ஒன்னும் இல்லம்மா, பயப்படாதீங்க என்றாள்.

"அடிப்பாவி, தண்ணியா கேக்கறேன் உன்கிட்ட? என் மருமகனுக்கு ரத்தம் போகுதுடி! அந்தப் பக்கம் பாரு!"

சொல்லிவிட்டேன். அறை முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டேன்.

போர்வையைப் பிடித்து இழுக்கும் சத்தம் கேட்டது. தலையைக் குனிந்துகொண்டேன். அவள் செருப்பு ரத்தத்தில் வழுக்கியது. கிளிப் போடும் சத்தம், பொட்டலம் கிழிக்கும் சத்தம். அவரிடமிருந்து மட்டும் ஒரு முனகல்கூட இல்லை.

போய்விட்டார். நான் தயங்கித் தயங்கியே அவரைக் கொன்றுவிட்டேன். என் மகளிடம் என்னவென்று போய்ச் சொல்வேன்?

அப்போதுதான் பிரிட்ஜெட்டின் குரல் கேட்டது. பயத்தில் அழுதுகொண்டே அவரைத் திட்டினாள்.

"என்ன மனுஷங்க நீங்க! கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டுத்தான இருக்கீங்க? இன்னொரு கையால ஊசிய வேற அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு இருந்திருக்கீங்க. கையெல்லாம் ரத்தம். ஒரு குரல் கொடுத்திருக்கக் கூடாதா?"

பதில் வரவில்லை.

நான் அந்த அறையில் இருக்கும்வரை வரவும் வராது.