கூட வந்த காரை

ஒரு வாயிலே, கீழ்வரிசையில் ஒரு முன்பல் இருந்தது. அதைச் சுற்றி அணைத்தபடி ஈறு இருந்தது. பல்லுக்கு அது அக்கா மாதிரி.

சாப்பாட்டு மிச்சத்தில் பிறந்த அழுக்கு ஒன்று நாளாக நாளாக இறுகி, மஞ்சள் காரையாகிப் பல்லின் அடியில் குடியேறியது. அதன் தொந்தரவில் ஈறு வீங்கி ரத்தம் கசிந்தது. ரத்தத்தைக் கண்ட பிரஷ்ஷும் பயந்துபோய் அந்தப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டது.

“தம்பி, இவன் உன் வேரைத் தேடி இறங்குறான். நம்பாதே” என்றது ஈறு.

“எப்பப் பாத்தாலும் உனக்கு அழுகைதான். உன் ரத்த நாத்தத்துல ஊரே மூக்கைப் பொத்துது” என்றது பல்.

காரையோ அதட்டிப் பேசாது. “அண்ணே, நான் முட்டுக் குடுத்துத்தான் நீங்க நிக்கிறீங்க. டாக்டர்கிட்ட போனா என்னைச் சுரண்டிருவாங்க. அப்புறம் நீங்க ஆடிப்போயிருவீங்க” என்று தணிவாகச் சொல்லும். பல்லுக்கு அந்தப் பேச்சு இதமாக இருந்தது.

ஈறு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. உள்ளே எலும்பும் கரைந்தது. கடைசியில், வெறும் சோற்றை மெல்லும்போதே பல் ஆட்டம் கண்டது.

டாக்டர் விரலால் அசைத்துப் பார்த்தார். “முன்னாடியே வந்து கிளீன் பண்ணியிருந்தா நின்னிருக்கும். இப்ப பிடிமானமே இல்லையே. பக்கத்துப் பல்லையாவது காப்பாத்துவோம்” என்று சொல்லி, பிடுங்கித் தட்டில் போட்டார்.

வேர் நெடுகக் காரை அப்பியிருந்தது. “பாத்தீங்களாண்ணே, கடைசிவரைக்கும் உங்ககூட வந்தது நான் ஒருத்தன்தான்” என்றது.

“ஆமாடா. அக்கா வரலை பாரு” என்றது பல்.

வாய்க்குள்ளே, பஞ்சு வைத்து அழுத்தியும், தம்பி நின்ற குழியில் ஈறு ரத்தம் வடித்துக்கொண்டே இருந்தது.