உதவித்தொகைக் கல்யாணம்

"அப்பா, உங்க சம்பளம் அதிகம்னு காலேஜ்ல எனக்கு உதவித்தொகை கிடையாதுங்கறாங்க. நீங்களோ சொந்தக் கால்ல நில்லுன்னு ஒரு டாலர்கூடத் தரமாட்டேங்கறீங்க. கல்யாணமாயிட்டா அப்பா சம்பளத்தைப் பார்க்க மாட்டாங்களாம். அதனால என்கூடப் படிக்கிற வெஸ்லியைக் கட்டிக்கப் போறேன்" என்றாள் டெல்லா.

ஹார்லனுக்குக் காப்பி புரையேறியது. "உதவித்தொகைக்காக யாராவது கல்யாணம் பண்ணுவாங்களா? ஒரு வருஷமாவது தாங்குமா அது?"

அடுப்படியிலிருந்து மனைவி டோரீன் எட்டிப் பார்த்தாள். "நமக்கு இருபத்தாறு வருஷமா தாங்குதே, ஹார்லன்."

டெல்லா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்போ உங்க காதல்?"

"அது மூணாவது செமஸ்டர்லதான் வந்துச்சு" என்றாள் டோரீன்.

ஹார்லன் அசடு வழியச் செக் புத்தகத்தைத் தேடி எடுத்தார். "ஃபீஸை நானே கட்டறேன். மூணாவது செமஸ்டர் முடிஞ்சதும் வெஸ்லியை வந்து பொண்ணு கேட்கச் சொல்லு."