இத்ரீஸின் குடம்

அந்தப் பாலைவன நகரத்தில் வீட்டுக்கிணறு வைத்திருப்பவர்கள், தண்ணீர் அட்டையில் பெயர் இருக்கும் ஆளுக்கு ஒரு குடம் வீதம்தான் தினமும் இறைக்கலாம். வெளியாளுக்கு ஒரு வாய் கொடுத்தாலும் கிணற்றைப் பூட்டிவிடுவார்கள். மைமூனின் கணவர் இத்ரீஸ் இறந்து ஆறு மாதமாகியும், அட்டையிலிருந்து அவர் பெயரை அவள் எடுக்கவில்லை. அவருடைய குடத்தை வாசலில் வைத்து, வழிப்போக்கர்களுக்கு மொண்டு கொடுத்து வந்தாள். இன்று உச்சிவெயிலில் அதிகாரி பூட்டோடு வந்துவிட்டார்.

“யார் குடம்மா இது?”

“அவுக குடம்.”

“மவுத்தானவருக்குத் தாகம் எடுக்குமா?”

“உங்களுக்கு எடுக்குதே தம்பி, உதடு வெடிச்சிருக்கு. குடிச்சிட்டுப் பூட்டுங்க.”

“என் பேரு உங்க அட்டையில இல்லையேம்மா.”

“அவுக பேரு இருக்கே. அவுக பங்கைக் குடிங்க.”

அவள் குவளையை நீட்டியபடியே நின்றாள். அவர் தெருவை இருபக்கமும் பார்த்தார். பிறகு பூட்டைத் தரையில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் வாங்கி ஒரே மூச்சில் குடித்தார்.

குனிந்த தலையோடு, “பூட்டித்தான் ஆகணும்மா. எனக்கு மேல ஆளு இருக்காங்க” என்றார்.

“தெரியும் தம்பி” என்ற மைமூன், குடத்தைச் சாய்த்து அடியில் கிடந்த தண்ணீரையும் அவர் குவளையில் ஊற்றினாள். “இதையும் குடிச்சிருங்க.”