புதைந்த தண்டு

மாலை வெயில் மீன்தொட்டிக்குள் சாய்வாக இறங்கி, உள்ளே இருக்கும் ஒரே செடியின் மஞ்சளை இன்னும் மஞ்சளாகக் காட்டுகிறது. இலைகள் காம்பிலிருந்தே கண்ணாடிபோல வெளுத்துக் கழன்றுவருகின்றன. அவள் முழங்கைவரை நீருக்குள் கையை விட்டிருக்கிறாள். கல்யாணமாகி வந்து இன்னும் புதுசு மாறாத அண்ணி பக்கத்தில் துண்டோடு நிற்கிறாள். “தண்ணி ஒத்துக்கலையோ? உரம் ஏதாவது போடலாமா?” “இருங்க அண்ணி, அடியில பாத்துடலாம்.” மணலை விலக்கியதும் அவளுக்கு விஷயம் விளங்கிவிடுகிறது. இந்தச் செடிக்கு வேர் மட்டும்தான் மணலில் இறங்கலாம். இலைகள் முளைக்கும் தடித்த தண்டு வெளியே இருக்க வேண்டும். அது முழுக்கப் புதைந்து அழுகியிருக்கிறது. “நீ ஊருக்குப் போனப்ப பாவம், மிதந்துட்டிருந்துச்சு. நான்தான் நல்லா ஆழமா நட்டுவெச்சேன்” என்கிறாள் அண்ணி. அவள் தண்டை வெளியே எடுத்துத் தட்டில் வைத்து பிளேடால் நறுக்குகிறாள். பழுப்பு, மறுபடி பழுப்பு, கொழகொழப்பு. கடைசித் துண்டில் பிளேடு கெட்டியாக இறங்குகிறது, உள்ளே பச்சை. ஒற்றை இலையோடு அதைக் கூழாங்கல்லின் மேல் வைத்து நூலால் சுற்றுகிறாள். தட்டையே பார்த்துக்கொண்டிருந்த அண்ணியின் குரல் இறங்கிவிடுகிறது. “அப்ப நான் நட்டதாலதானா? உங்கண்ணன் கேட்டா என்ன சொல்றது?” “அண்ணனுக்கா? தொட்டிக்குள்ள செடி இருக்குறதே அவனுக்குத் தெரியாது. முடிச்சு வழுக்குது, இங்க விரல வைங்க.” அண்ணி ஈர நூலின் மேல் சுட்டுவிரலை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்துகிறாள்.