உட்காராத வசூல்காரர்

வசூல்காரர் வாசலிலேயே நின்றார். உள்ளே ஒரு நாற்காலி காலியாக இருந்தது.

"வாங்க சார்," என்றார் சலூன்காரர். நாற்காலியைக் காட்டவில்லை.

பாக்கி இருக்கும் கடையில் இவர் உட்கார மாட்டார், தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். கடைத்தெருவுக்கே தெரியும்.

கடை நகராட்சியுடையது. வாடகை நின்று, வட்டி ஏறி, கடைசியில் தவணை போட்டுக் கொடுத்திருந்தார்கள். எல்லாத் தவணையும் நாள் தவறாமல் கட்டினால் வட்டி தள்ளுபடி. ஒன்று தவறினாலும் அத்தனையும் திரும்ப ஏறும். கடைக்குப் பூட்டு.

இன்று கடைசித் தவணை. பூட்டும் அரக்கும் வசூல்காரரின் தோள்பையில் இருந்தன.

சலூன்காரர் கையிலிருந்த சோப்பைத் துடைத்துவிட்டு, கண்ணாடிக்குப் பின்னால் செருகியிருந்த பணத்தை எடுத்துக் கொடுத்தார்.

வசூல்காரர் ஒவ்வொரு தாளாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார். பாதி வரை கிழிந்து, பின்னால் ஒட்டுப் போட்டிருந்தது.

"இதை ஆபீஸ்ல வாங்க மாட்டாங்க."

பக்கத்து நாற்காலியில் ஒருவர் முகம் முழுக்க நுரையோடு சாய்ந்திருந்தார். கடைக்கு இன்றுதான் முதல் தடவை வந்திருக்கிறார். அவருக்குப் பொறுக்கவில்லை.

"ஒத்தத் தாளுக்குக் கடையைப் பூட்டுவீங்களா? நீங்க அண்ணன் தம்பியோட பொறந்தவர்தானா சார்?"

சலூன்காரர் தாளோடு வெளியே ஓடினார். எதிரே மருந்துக்கடையில் தலையாட்டினார்கள். அடுத்த கடை சாத்தியிருந்தது. அதற்கப்பால் அவர் கண்ணில் படவில்லை.

வசூல்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கை பைக்குள் போய்ப் பூட்டைத் தொட்டுவிட்டு வந்தது.

எதிர்க்கண்ணாடியில் அவருடைய தலை தெரிந்தது. தவணை தொடங்கியதிலிருந்து பஸ் ஏறிப் போய் வெட்டிக்கொள்கிற தலை. இடது காதுக்கு மேல் எலி கடித்த மாதிரி இருந்தது. முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

சலூன்காரர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். புதுத் தாள். கை ஈரத்தில் லேசாகக் கசங்கியிருந்தது.

வசூல்காரர் அதையும் வெளிச்சத்தில் பார்த்தார். ரசீது எழுதினார். முத்திரை குத்தினார். விதிப்படி ஒரு முறை வாய்விட்டுப் படித்தார்.

"பாக்கி இல்லை."

சலூன்காரர் ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்து, பையை ஒரு தட்டு தட்டிக்கொண்டார்.

வசூல்காரர் செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்து, தோள்பையைச் சீப்புகள் தொங்கும் ஆணியில் மாட்டினார். காலி நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினார்.

சலூன்காரர் வெள்ளைத் துணியை உதறி அவர் கழுத்தைச் சுற்றிக் கட்டினார். வேண்டியதைவிடக் கொஞ்சம் இறுக்கமாக.

"எவன்டா இப்படி வெட்டினான்? மாசா மாசம் இந்தத் தலையைப் பாத்துப் பாத்து வயிறு எரியுது. அம்மா வேற, நான்தான் வெட்டினேன்னு என்னைத் திட்டுது."

நுரைக்காரர் வாயைத் திறந்தார். கொஞ்சம் நுரை உள்ளே போயிற்று.

"குனிடா."

வசூல்காரர் கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார்.

"காது பத்திரம்ணே."